வீங்கியிருந்தது வேறொருவர் கண்

இப்போதெல்லாம் கைபேசியே மணியடித்து மாத்திரை போடச் சொல்கிறதாம். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னலில் இன்று உட்காரும் இரண்டு பெண்களும் போன வாரம் என் வீட்டுக்கு வந்து அதைப் போட்டுக் காட்டினார்கள். திரையில் சிரித்த முகத்தோடு ஒரு மாத்திரை வருகிறது. "டிங்" என்கிறது. "போட்டாச்சு" என்று அழுத்தினால் கைதட்டுகிறது. "நீங்க முப்பத்தொரு வருசம் தொண்டை கிழியக் கத்தினதுக்கு இது தேவலை இல்லையா சயா?" என்றாள் ஒருத்தி. சயா என்றால் இங்கே ஐயா மாதிரி. வாயாடி. அவளை வேலைக்கு எடுக்கச் சொல்லி சிபாரிசு செய்ததே நான்தான், புத்தி கெட்டுப்போய்.

"போட்டாச்சுன்னு அழுத்தினது சரி. யார் வாயில போட்டாங்கன்னு இது கேக்குமா?" என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவனுக்கு வயதாகிவிட்டது என்ற பார்வை அது. சரி, எழுதித் தருகிறேன், புதிதாகச் சேருகிறவர்களுக்குக் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். இருவருக்கும் பர்மிய மொழிதான் கடகடவென்று வரும், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். மெதுவாகப் படித்தால் மண்டையில் ஏறும் என்பதால் வேண்டுமென்றே தமிழில் எழுதுகிறேன்.

என் படிப்புக் கதை சின்னது. ரங்கூன் பசுந்தாங்கில் வீடு, மிஷன் பள்ளிக்கூடம், அப்பா குமாஸ்தா. நான் டாக்டராக வேண்டும் என்று அம்மா ஜெபமாலை உருட்டினார். என் மதிப்பெண்கள் வேறு மாதிரி நினைத்தன. மருந்தாளர் படிப்பை முடித்து, கொஞ்ச காலம் இருமல் மருந்து கலக்கி, கொஞ்ச காலம் கிடங்கில் பெட்டி தூக்கி, கடைசியில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தேன். பிறகு ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலியை நான் விடவில்லை, அதுவும் என்னை விடவில்லை.

நான் சேர்ந்தபோது புற்றுநோய்க்கு மருந்து என்றால் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றுவதுதான். நோயாளி நம் கண்ணெதிரே படுத்திருப்பார். பிறகு அந்த மாத்திரை வந்தது. ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை உண்டு. அதை உண்டாக்குகிற ஒரே ஒரு கோளாறை மட்டும் குறிபார்த்து அடக்கும் மாத்திரை அது. குறி மருந்து என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். நாளுக்கு நான்கு, ஒரே வேளையில், நிறுத்தாமல், வருடக்கணக்கில். படுக்கை வேண்டாம், ஊசி வேண்டாம், பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுபோகலாம். டாக்டர்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எங்கள் தலைமை மருந்தாளர் டோ மியா மியா மட்டும் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படுக்கையில இருந்தவரைக்கும் நாம பார்த்துக்கிட்டோம். இனிமே வீட்டுக்குள்ள என்ன நடக்குமோ, யார் கண்டா?" என்றார்.

டோ மியா மியா பர்மியப் பெண்மணி. டோ என்பது இங்கே பெண்களுக்கு மரியாதைச் சொல், ஆண்களுக்குக் கோ. என் தோளுக்குத்தான் வருவார். கொண்டையில் மல்லிகை, கசங்காத லுங்கி, குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. குரல் தாழத் தாழ நாங்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவோம். அவர் பேசியதெல்லாம் பர்மிய மொழி, இங்கே தமிழில் தருகிறேன். அதில் இருந்த கூர்மை பாதிகூட வராது, படிக்கிறவர்களுக்கு அதுவும் நல்லதுதான்.

எங்கள் ஊர்க்காரர்களிடம் ஒரு வியாதி உண்டு, மருந்தில்லாத வியாதி. எதற்கும் "ஹொட்கே" என்று சொல்லிவிடுவார்கள். ஆமாம், சரி என்று அர்த்தம். புரிந்தாலும் ஹொட்கே, புரியாவிட்டாலும் ஹொட்கே. எதிரில் இருப்பவருக்கு மனக்கஷ்டம் கொடுக்கக் கூடாது, தொந்தரவு தரக் கூடாது என்கிற கூச்சம். அதற்கு இங்கே "ஆனாடே" என்று பெயர். பர்மியர்களுக்கு மட்டுமில்லை, நாலு தலைமுறையாக இங்கே தண்ணீர் குடித்த தமிழர்களுக்கும் அது ரத்தத்தில் ஏறிவிட்டது. ஆகவே டோ மியா மியா ஒரு சட்டம் போட்டார். ஹொட்கே என்பது பதில் இல்லை. மருந்து வாங்குகிறவர், எப்படிச் சாப்பிடப்போகிறார் என்று தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் மருந்து.

அதை அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த விதம் இருக்கிறதே! ஜன்னலுக்கு வெளியே போய் நின்றுகொண்டு, தலையில் துண்டைப் போட்டு, இருமிக்கொண்டே நோயாளியாக நடித்தார். "சயா, நேத்து மறந்துட்டேன். இன்னிக்கு நாலுக்குப் பதிலா எட்டாப் போட்டுக்கட்டுமா?" நான் அட்டையில் பெயர் எழுதும் மும்முரத்தில், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஹொட்கே, ஹொட்கே" என்றேன். துண்டு விலகியது. "அந்த நோயாளி செத்துப்போனா நீ மாலை வாங்கிட்டுப் போவியா கோ அந்தோணி, இல்லை வெறுங்கையோடயா?" என்று மிக மெதுவாகக் கேட்டார். அதன்பின் ஒரு வாரம் முழுக்க நான் ஜன்னலுக்கு வெளியே, நோயாளிகள் வரிசையில், அவர்களோடு அவர்களாக நின்று கேட்க வேண்டும் என்பது தண்டனை. அந்த ஒரு வாரத்தில் கற்றதைப் படிப்புக் காலம் முழுவதிலும் நான் கற்கவில்லை.

சொல்ல வேண்டியவை இவைதான். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு போட வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றைப் புரட்டும். கடிக்கக் கூடாது, நாமாகப் பொடிக்கக் கூடாது. ஒரு நாள் மறந்தால் மறந்ததுதான், அடுத்த நாள் சேர்த்துப் போடக் கூடாது. பம்பளிமாஸ் பழம் கூடாது, அது உடம்பில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். வேறு எந்த மாத்திரையோ நாட்டு மருந்தோ சாப்பிடுவதானால் முதலில் எங்களிடம் கேட்க வேண்டும். நன்றாக இருக்கிறதே என்று தானாக நிறுத்தவே கூடாது. அடுத்த மாத மருந்து வேண்டுமானால் இந்த மாதக் காலி அட்டைகளைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

இவ்வளவு சொல்லியும் மனிதர்கள் மனிதர்கள்தானே. பபேடானில் மசாலாக் கடை வைத்திருந்த ஒரு பாய், மாத்திரையை மிளகு இடிக்கும் கல்லில் போட்டு இடித்துத் தேனில் குழைத்து நக்கிக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் வாயெல்லாம் புண். "வாசம் இல்லாத சாமான் எனக்கு இறங்காது சயா" என்று விளக்கம் வேறு. இன்னொருவர் பம்பளிமாஸ் சாப்பிடவில்லை என்று சத்தியம் செய்தார். சத்தியம் செய்த கையில் அதன் தோல் வாசனை. தலைவலி வருகிறது என்று தோலை மட்டும் முகர்ந்தாராம். நம்பினேன் என்று அவரும் நம்பினார்.

இந்த இடத்தில் என் பிரசங்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மருந்து எங்களுக்கு இலவசமாக வந்துகொண்டிருந்தது, ஆனால் அளவோடுதான் வரும். கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்காது. அதனால் பட்டியலோடு நான் சொந்தச் சரக்காக ஒன்று சேர்த்துக்கொண்டேன். விரலை ஆட்டி, கண்ணை உருட்டி, "இது கிடைக்காம எத்தனை பேர் துடிக்கிறாங்க தெரியுமா? உங்க கையில கிடைச்சிருக்கு. ஒரு மாத்திரைகூட வீணாகக் கூடாது. இல்லாதவங்களை நினைச்சுக்கிட்டுப் போடுங்க!" என்பேன். கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்குப் பெருமை தாங்காது. கோயில் பாதிரியார் என்னிடம் பாடம் கேட்கலாம் என்றுகூட நினைத்ததுண்டு.

இனி ராஜம்மா.

மிங்கலா தாங்ஞுன்ட்டில் ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில், நாலாவது மாடியில் குடியிருந்தார். ஐம்பத்தாறு வயது. கணவர் ரயில்வேயில் வேலை பார்த்து இறந்துபோனவர். டீக்கடைகளுக்கு முறுக்கு சுட்டுக் கொடுப்பது பிழைப்பு. பெரிய உடம்பு, பெரிய விபூதிப் பட்டை, அதைவிடப் பெரிய குரல். அவர் வரிசையில் நின்றால் வரிசையின் கடைசியில் இருப்பவருக்கும் அன்றைக்குக் கடலை மாவு என்ன விலை என்று தெரிந்துவிடும். கூடவே எப்போதும் ஒரு பர்மியப் பெண் வருவார், டோ சான் யீ. அதே கட்டடத்தில் இரண்டாவது மாடி. ஒல்லியான உடம்பு, இடுப்புவரை முடி, அதை அவிழ்த்து முடிவதிலேயே பாதி நாள் போகும். இருவரும் இருபது வருடப் பழக்கம். ராஜம்மா என்ன சமைத்தாலும் ஒரு கிண்ணம் இரண்டாவது மாடிக்குப் போய்விட்டுத்தான் தன் தட்டில் விழும் என்று அவரே ஊருக்கெல்லாம் சொல்வார்.

முதல் வருடம் மருந்து அருமையாக வேலை செய்தது. ரத்தத்தில் நோயின் அளவைச் சொல்லும் எண் மளமளவென்று இறங்கியது. மருந்து உடம்பில் இருப்பதற்கு அடையாளமாக, காலையில் கண் இமைகள் வீங்கும். எங்கள் நோயாளிகள் பாதிப் பேருக்கு அது உண்டு. ராஜம்மாவுக்கும் இருந்தது. "என்னக்கா, ராத்திரி பூரா அழுதீங்களா?" என்று நான் கேட்பேன். "உங்க மூஞ்சிய நெனச்சேன் சயா, அழுகை வந்துருச்சு" என்பார்.

அடுத்த வருடம் எண் ஏறத் தொடங்கியது. முதல் பரிசோதனையில் கொஞ்சம். மூன்று மாதம் கழித்து நன்றாகவே. டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். மாத்திரைக்கு நோய் மசியாமல் போய்விட்டது போல, வேறு மாத்திரைக்கு மாற்ற வேண்டும் என்றார். அந்த வேறு மாத்திரை இன்னும் கடுமையானது. இதயத்தைச் சோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, அது எங்களிடம் இல்லை. எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டும். பட்டியலில் ஏற்கெனவே ஆட்கள் காத்திருந்தார்கள், அவர்களில் சிலர் மருந்து வரும்வரை தாங்கவில்லை. இரண்டு வாரம் கழித்து வியாழக்கிழமை முடிவெடுப்பதாகச் சொல்லி டாக்டர் எழுதிவிட்டார். ராஜம்மாவுக்கு இது வாழ்வா சாவா என்கிற விஷயம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது, அவரைத் தவிர. அவர் முறுக்குப் பொட்டலத்தை நர்ஸுகளிடம் திணித்துக்கொண்டிருந்தார்.

நான் அவரை ஜன்னலில் உட்காரவைத்துக் குடைந்தேன். காலி அட்டைகள்? ரப்பர் பாண்டு போட்டுக் கட்டி, ஒன்று விடாமல் கொண்டுவந்திருந்தார். மறந்த நாள் உண்டா? இல்லை. பம்பளிமாஸ்? "அந்தப் புளிப்பை எவன் திம்பான்?" நாட்டு மருந்து? கிடையாது. திருப்பிச் சொல்லுங்கள் என்றேன். பள்ளிக்கூடத்துப் பாட்டு மாதிரி ஒப்பித்தார்: "சோறு தின்னுட்டு, பெரிய டம்ளர்ல தண்ணி ஊத்தி, மாத்திரைய முழுசா, கடிக்காம, இடிக்காம போடணும். மறந்தா மறந்ததுதான். ஒண்ணுகூட வீணாக்கக் கூடாது. இல்லாதவங்களை நெனச்சுக்கணும்." கடைசி இரண்டு வரியில் குரல் கணீரென்று ஏறியது. என் பிரசங்கத்தை வரி மாறாமல் சொல்கிறாரே என்று நான் பூரித்துப்போனேன்.

பக்கத்தில் சான் யீ கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அவரது இமைகள் இரண்டும் பணியாரம் மாதிரி உப்பியிருந்தன. "என்ன டோ சான் யீ, இன்னிக்கு நீங்க அழுதீங்களா?" என்று சீண்டினேன். "காத்து மாறிப்போச்சு சயா, கொஞ்ச மாசமாவே இப்படித்தான்" என்று பர்மிய மொழியில் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர்கள் போனபின் டீ குடிக்கும் நேரத்தில் வம்புப் பேச்சாகத்தான் டோ மியா மியாவிடம் இதைச் சொன்னேன். "மருந்து சாப்பிடுறவங்க கண்ணு கண்ணாடி மாதிரி இருக்கு, கூட வர்றவங்க கண்ணு வீங்கியிருக்கு. ரங்கூன் தண்ணியே சரியில்லை சயாமா." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அந்த அம்மா திருப்பிச் சொன்னாங்களா?" என்றார். சொன்னார், அட்சரம் பிசகாமல் என்றேன். "எத்தனை மாத்திரைன்னு சொன்னாங்க?"

அவர் ஒப்பித்ததை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ராஜம்மா எண்ணிக்கை சொல்லவே இல்லை. போன மாதம் சொன்னாரா? அதற்கு முந்தைய மாதம்? என் பிரசங்கத்தைக் கேட்டு மயங்கி நின்ற எனக்கு அது நினைவில் ஏறவேயில்லை. "பொய் சொல்லப் பிடிக்காத ஆளா இருப்பாங்க. அதான் சொல்லாம விட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை நீயே வீட்டுக்குப் போய்ப் பாரு" என்றார் டோ மியா மியா. குரல் கேட்கவே முடியாத அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு போனேன். நல்ல லுங்கி, நல்ல சட்டை, சட்டைப் பையில் ஜெபமாலை. ரங்கூனில் மாடிப் படி ஏற யாருக்கும் தெம்பு கிடையாது. ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்கும், நுனியில் பையோ கூடையோ இருக்கும். பேப்பர், காய்கறி, கடிதம் எல்லாம் அதிலேயே ஏறும், இறங்கும். நான் எதிர்ப்பக்க டீக்கடையில் உட்கார்ந்து நாலாவது மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதரை மணி வாக்கில் ராஜம்மாவின் கூடை இறங்கியது. உள்ளே மூடிபோட்ட தூக்குச் சட்டி. இரண்டாவது மாடிப் பலகணிக்கு நேராக வந்து நிற்க வேண்டியது, காற்றில் ஆடி, துணிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. ராஜம்மா மேலிருந்து உலுக்கினார். கூடை விடுபட்டு, நேராகத் தெருவுக்கே வந்துவிட்டது.

கடவுளே எனக்காக இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. ஓடிப்போய்ப் பிடித்தேன். மூடியைத் திறந்தேன். பருப்புக் குழம்பு, கத்தரிக்காய் போட்டது. மூடியின் மேல் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் இரண்டு மாத்திரை. என் கையால் நான் எண்ணிக் கொடுத்த மாத்திரைகள்.

"கள்ளன்! கள்ளன்! என் குழம்பு!" என்று இரண்டாவது மாடியிலிருந்து சான் யீ பர்மிய மொழியில் அலறினார். டீக்கடையே எழுந்து நின்றது. ஒரு சைக்கா ஓட்டி தன் சைக்கிள் ரிக்‌ஷாவைக் குறுக்கே போட்டு வழியை மறித்தான். நான் ஜெபமாலையை எடுத்துக் காட்டினேன். "கும்பிட்டுட்டுத் திருடுறான் பாரு" என்றது ஒரு குரல். அப்புறம் ராஜம்மா நாலாவது மாடியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்து, "அட, நம்ம மருந்து சயா! பசிச்சா மேல வந்து கேக்க வேண்டியதுதானே!" என்று தெருவே கேட்கக் கத்தினார். எனக்கு விடுதலை கிடைத்தது, மானம் போனது.

குழம்புச் சட்டியோடு நாலு மாடி ஏறினேன். பின்னாலேயே சான் யீ. மேலே போய்ச் சேர்ந்ததும் சட்டியைக் கீழே வைத்தேன். பொட்டலத்தை மட்டும் நீட்டினேன். ராஜம்மா வெட்கப்படவுமில்லை, பதறவுமில்லை.

"ஆமா. எனக்கு ரெண்டு, அவளுக்கு ரெண்டு. அவளுக்கும் அந்த நோய்தானே? மாருல கட்டி வந்து ஆபரேசன் பண்ணி, ஊசி ஏத்தணும்னு சொல்லியிருக்காக. முடி கொட்டிரும்னு பயந்துக்கிட்டுப் போகாம உக்காந்திருந்தா. நீங்கதானே சயா சொன்னீக? ஒண்ணுகூட வீணாகக் கூடாது, இல்லாதவங்களை நெனச்சுக்கோன்னு. நான் நெனச்சேன். நெனச்சுட்டுச் சும்மா இருக்க நான் என்ன கல்லா? எட்டு மாசமாக் குடுக்கிறேன். குதோ எனக்கு மட்டுமில்ல, சொன்ன உங்களுக்கும் உண்டு."

குதோ என்றால் புண்ணியம். என் பங்குப் புண்ணியத்தைக் கையில் வாங்கிக்கொண்டு நான் அவர் வீட்டு நாற்காலியில் சரிந்தேன். இந்த ஊரில் சோற்றைப் பகிர்வார்கள், தண்ணீரைப் பானையில் ஊற்றித் தெருவில் வைப்பார்கள், வைப்பவர்களுக்குப் பெயர்கூட வேண்டாம். அப்படிப்பட்டவர்களிடம் போய் விரலை ஆட்டி அந்தப் பிரசங்கத்தைச் செய்திருக்கிறேன். யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

"அக்கா, இது உங்க நோய்க்கு மட்டும் செஞ்ச மாத்திரை. அவங்க நோய் வேற. உங்க குக்கர் மூடிய எடுத்துட்டுப் போய் அவங்க குக்கருக்குப் போட்டா பொருந்துமா?"

"தட்டி மூடினா பொருந்தும்" என்றார் ராஜம்மா.

"வெடிக்கும்!" என்று கத்தினேன். "ரெண்டு சமையல்கட்டும் வெடிக்கும்! அவங்களுக்கு இது ஒரு பலனும் தராது. கண்ணு வீங்குறதுதான் மிச்சம். உங்களுக்குப் பாதி மருந்து. பாதி மருந்துல நோய் தலைதூக்கிருச்சு. மருந்து தோத்துப்போச்சுன்னு டாக்டர் முடிவு பண்ணப்போறார். அடுத்த மருந்து கையில இல்லை. செத்துப்போவீங்க அக்கா, புரியுதா?"

பேசியது சான் யீ. தமிழில், உடைந்த தமிழில்: "இது... உன்னுதா?"

மருத்துவமனையே இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். "நம்ம ரெண்டு பேருக்கும்" என்று சொல்லித்தான் ராஜம்மா கொடுத்திருக்கிறார். கேள்வி கேட்டால் சங்கடப்படுத்தியதாகிவிடுமே என்று சான் யீயும் கேட்கவில்லை. மாத்திரைதான் சாப்பிடுகிறோமே என்ற நிம்மதியில் ஊசிப் பக்கமே போகவில்லை. எட்டு மாதம். அதற்குமேல் அவர் பர்மிய மொழியில் திட்டினார் பாருங்கள், அதை நான் மொழிபெயர்க்க மாட்டேன், அம்மா வளர்த்த பிள்ளை நான். திட்டி முடித்ததும் பொட்டலத்தை ராஜம்மாவின் மடியில் வைத்தார். "இப்பவே போடு" என்றார்.

"அவ பார்த்துக்கிட்டு நிக்க நான் மட்டும் முழுங்கணுமா? தொண்டையில இறங்காது சயா" என்று ராஜம்மா என்னிடம் முறையிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் என்ன சொல்லியும் அசையவில்லை. சாகிறதானால் சேர்ந்தே சாகிறோம், இவளை விட்டுவிட்டு எனக்கென்ன மருந்து என்றார். இருபது வருடம் ஒரு கிண்ணம்கூடத் தனியாகச் சாப்பிடாத மனுஷி அவர்.

கடைசியில் சான் யீதான் பேரம் பேசினார். இடுப்புவரை தொங்கிய முடியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு பர்மிய மொழியில் சொன்னார்: "நீ தினமும் நாலு போடு. நான் ஊசிக்குப் போறேன். நீ ஒரு நாள் ஏமாத்தினா, நானும் அன்னிக்கு வீட்டுல உக்காந்துக்குவேன்." ராஜம்மா எழுந்து பெரிய டம்ளரில் தண்ணீர் எடுத்துவந்தார்.

எனக்கு அடுத்த பயம் பிடித்தது. இலவச மருந்தை வேறொருவருக்குக் கொடுத்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில் நோயாளிகளிடம் நாங்கள் கையெழுத்து வாங்குவோம், அதை யாரும் படித்துக் காட்டுவதில்லை. உண்மையைச் சொன்னால் உள்ள மருந்தும் போகும். சொல்லாவிட்டால் டாக்டர் மருந்தை மாற்றுவார். மறதி என்று எழுதிவிடலாமா என்று டோ மியா மியாவிடம் குழைந்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதில் அடித்திருக்கலாம்.

வியாழக்கிழமை அவரே டாக்டர் அறைக்குள் போனார். நான் கதவோரம் நின்றேன். "எட்டு மாசமா நாலுக்குப் பதிலா ரெண்டுதான் போட்டிருக்காங்க. மருந்து தோக்கலை. எங்க ஜன்னல்தான் தோத்துப்போச்சு. மருந்தைக் குடுத்தோம், அது அவங்களுக்கு மட்டும்தான்னு சொல்லத் தவறிட்டோம். பேரை எடுக்கணும்னா என் பேரை எடுங்க" என்றார். யார் விளக்கிக் கொடுத்தது என்று டாக்டர் கேட்டார். "ஜன்னல்" என்று மறுபடியும் சொன்னார் டோ மியா மியா. ஜன்னலுக்குப் பெயர் இல்லை அல்லவா, நான் பிழைத்தேன். டாக்டர், மூன்று மாதம் நான்கு மாத்திரை கொடுத்துப் பார்ப்போம், சான் யீயை இன்றே மார்பகப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள் என்றார்.

வெளியே வந்ததும் எனக்குத் தனியாக மண்டகப்படி நடந்தது. அதை விட்டுவிடுகிறேன். அன்றிலிருந்து எங்கள் பட்டியலில் இரண்டு கேள்விகள் சேர்ந்தன. எத்தனை மாத்திரை என்று எண்ணிக்கையை அவர்களே சொல்ல வேண்டும். இந்த மருந்தை வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ வேறு யாராவது சாப்பிடுகிறார்களா என்று நாங்கள் கேட்க வேண்டும். என் பிரசங்கம் அன்றோடு ஓய்வு பெற்றது, எனக்கு முன்பாகவே.

சான் யீக்கு ஊசி ஏறத் தொடங்கி மூன்று வாரத்தில் முடி கொட்டியது. ஒரு நாள் தலையில் பூப்போட்ட துணியோடு வந்தார். பக்கத்தில் ராஜம்மா, கண் இரண்டும் பழையபடி உப்பிப்போய். பார்க்கவே எனக்கு மனம் குளிர்ந்தது. "என்னக்கா, அழுதீங்களா?" என்று கேட்டேன். "ஆமா, இவ மண்டையப் பார்த்து" என்றார். சான் யீ அவரை இடுப்பில் இடித்தார்.

மூன்று மாதம் கழித்து ராஜம்மாவின் ரத்த முடிவு வந்தது. அன்று சான் யீக்கு ஊசி நாள், ராஜம்மா தனியாக வந்திருந்தார். எண் சரசரவென்று இறங்கியிருந்தது. நான் ஜன்னலைவிட்டு எழுந்து வெளியே ஓடி, காகிதத்தை அவர் கையில் கொடுத்தேன். ஆஸ்பத்திரியே அதிரப்போகிறது என்று காதைக்கூடத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் ஒரு சத்தமும் போடவில்லை. காகிதத்தை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "சரி சயா" என்றார். மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. எத்தனை பாடு, எத்தனை அவமானம், தெருவில் குழம்புத் திருடன் பட்டம் வேறு! ஒரு சிரிப்புக்கூட இல்லையா? அடுத்த மாதமும் தனியாக வந்தபோது பிடித்துக்கொண்டேன். "ஏன்க்கா, உயிர் பிழைச்சிருக்கீங்க. ஒருத்தர்கிட்டக்கூடச் சொல்லலையாமே? டோ சான் யீக்கே தெரியாதாமே?"

"அவ ஸ்கேனு இன்னும் வரலையே சயா" என்றார்.

"அதுக்கு?"

ராஜம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

"நாலு மாத்திரையையும் நான் தனியா முழுங்கணும்னு சொன்னீக, முழுங்குறேன். சந்தோசத்தையுமா தனியா முழுங்கச் சொல்றீக?"